முதுகு காட்டிய பறவைகள்

பறவைத் துணி கடைகளுக்கு வந்த ஆண்டில், அதன் வடிவத்தை வரைந்த பெண் எந்த அறைக்குள் நுழைந்தாலும், அங்கே இருந்த துணிகளில் நெய்யப்பட்டிருந்த பறவைகள் அத்தனையும் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டன. சாயம் போகவில்லை, துவைத்தால் சுருங்கவில்லை, ஆகவே மில்லுக்கு யாரும் புகார் எழுதவில்லை. அவள் வெளியே போனதும் அவை பழையபடி முகம் காட்டின. முதலில் பார்த்தவர்கள் மில்லின் மடிப்பு அறையில் துணி சோதிக்கும் பெண்கள். மேசையில் விரித்திருந்த துணியில், வெயில் முகத்தில் அடிக்கிறதென்று உட்கார்ந்தபடியே நகர்ந்துகொள்பவர்களைப் போல, பறவைகள் ஓரம் முதல் ஓரம் வரை அவசரமில்லாமல் திரும்பின. துணி அசையவில்லை, பறவைகள் இருந்த இடத்தில் மட்டும் துணியின் பின்பக்கம் தெரிந்தது. "இப்ப இதுல நல்ல பக்கம் எது, எதுல முத்திரை குத்துறது?" என்று ஒருத்தி கேட்டாள். விசாரித்துவிட்டு வந்த மேஸ்திரி, "அந்தம்மா போனப்புறம் குத்துங்க" என்றார். மில்லைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

அந்தப் பெண் ஒரு வீட்டின் மூத்த மருமகள். கொழுந்தனின் மனைவி இளையவள். இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பில் சமைத்தன. தெருவில் எல்லாரும் அவர்களை மூத்தவள், இளையவள் என்றே சொன்னார்கள். அது போதுமானதாகவும் இருந்தது. மூத்தவள் மில்லில் வடிவ அறையில் வேலை பார்த்தாள். வடக்குப் பார்த்த ஜன்னல்கள் வைத்த நீளமான அறை அது. நிழல் விழாத வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். அங்கே வேலை என்பது சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாளில் சிவப்பு மை வைத்து நிரப்புவது. நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஓர் இடத்தில் மேலே வர வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை இழை மேலே வர வேண்டுமென்றால் வெறுமனே விட்டுவிட வேண்டும். தாளின் ஒவ்வொரு வரியையும் பார்த்து அடுத்த அறையில் ஓர் அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டைகள் சங்கிலியாகத் தறியின் தலைக்கு ஏறும். கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் தறி நெய்யும். நல்லது கெட்டது பார்க்கத் தறிக்குத் தெரியாது.

மூத்தவளின் கோடுகளும் கட்டங்களும் பிசகு இல்லாதவை. உருவம் என்று வந்தால்தான் அவளுக்குக் கை வராது. குறிப்பாகப் பறவை. பறவையின் வயிறு அகலமானது. அங்கே ஊடை இழை எதிலும் கட்டப்படாமல் நீளமாக மிதந்து கிடந்தால் கொலுசு, நகம், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றிலும் மாட்டும். ஆகவே நடுநடுவே ஒரு பாவு இழையை மேலே எடுத்து அதைக் கட்டிப்போட வேண்டும். மூத்தவள் பழகிய முறைப்படி சமமான இடைவெளியில் புள்ளி புள்ளியாகக் கட்டுவாள். நெய்து வந்தால் பறவை ஆணி அடித்த தகரம் போல இருக்கும். வடிவ அறையின் தலைவர் இழை எண்ணும் பூதக்கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்ததால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். அவர் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது பறக்குமா, இல்ல துருப்பிடிக்குமா?" என்பார். அறையில் எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். அந்த விற்பனைப் பருவத்திலும் உருவம் வராவிட்டால் அவளைப் பழையபடி நூல் சுற்றும் பகுதிக்கே அனுப்பிவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். அங்கிருந்து வடிவ அறைக்கு வர அவளுக்குப் பாதி இளமை செலவாகியிருந்தது.

இளையவள் வேறு மாதிரி. வாய் ஓயாது, கை மட்டும் நினைத்தால்தான் அசையும். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் கதை கேட்கப் போய்விடுவாள். மூத்தவள் மில்லிலிருந்து வந்து கருகிய பாத்திரத்தைத் தேய்க்கும்போது, "அக்கா, நீங்க தேய்ச்சாதான் அது பாத்திரம்னே ஒத்துக்குது" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் வைப்பாள். கழற்றிப் போட்ட ஜன்னல் சட்டம் ஒன்று சமையலறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. கர்ப்பமாக இருந்தபோது பொழுது போகாமல் அதில் ஆணி அடித்து, நூல் கட்டி, விரலால் இழைகளைத் தூக்கித் தூக்கி ஒரு துணி நெய்தாள். கட்டமும் இல்லை, தாளும் இல்லை. கைக்குட்டையை விடக் கொஞ்சம் பெரிய துணி. நடுவில் ஒரே ஒரு பறவை. அதன் வயிற்றை அவள் புள்ளியால் கட்டவில்லை. இறகு எப்படிப் படிந்திருக்குமோ அந்தப் போக்கிலேயே கோடு கோடாகக் கட்டியிருந்தாள். கட்டும் ஆயிற்று, இறகும் ஆயிற்று. ஈரக் காற்று அடித்தால் அந்த வயிறு மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். பிறந்த பெண் குழந்தை அந்தத் துணியின் ஒரு மூலையைச் சப்பிக்கொண்டுதான் தூங்கியது. வேறு எதைக் கொடுத்தாலும் துப்பியது.

மூத்தவள் அந்தத் துணியைக் கொடியிலிருந்து எடுத்தது பட்டப்பகலில்தான். சாயங்காலம் திரும்ப மாட்டிவிடலாம், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் போதும் என்றுதான் நினைத்தாள். இளையவளிடம் கேட்டிருந்தால், "எடுத்துட்டுப் போங்கக்கா" என்றிருப்பாள். அதற்குப் பிறகு தெரு முழுக்கவும் சொல்லியிருப்பாள். கேட்காததற்கு அது ஒன்றே காரணம். மில்லில் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் துணியை மேசையில் வைத்துக் பூதக்கண்ணாடி வழியே குனிந்து பார்த்தாள். இழைகள் நெருக்கமாக இறுகியிருந்தன. எது மேலே, எது கீழே என்று ஓரளவுக்கு மேல் தெரியவில்லை. அறியாத துணியின் கட்டத்தை அறிய வடிவ அறைக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. ஓரத்தைக் கத்தரித்து, ஊடை இழையை ஊசியால் ஒவ்வொன்றாக உருவி, உருவ உருவ அது எந்தப் பாவுக்கு மேலே போயிற்று, எதற்குக் கீழே போயிற்று என்று தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். கண்டதைக் கண்டபடி குறி, உன் புத்தியைச் சேர்க்காதே என்பதுதான் அதற்கு விதி. அவள் ஓரத்தில் ஒரே ஓர் இழையை உருவினாள். ஓர் இழை போனால் யாருக்குத் தெரியும். பிறகு அதற்கு அடுத்தது. பறவையின் கால் வந்தபோது நிறுத்தியிருக்கலாம். வயிறு வந்தபோது அவளுக்கு நிறுத்தவேண்டும் என்ற நினைவே இல்லை. சாப்பிடப் போனவர்கள் கை துடைத்துக்கொண்டு திரும்பியபோது தாளில் ஒரு பறவை முழுதாக இருந்தது, மடியில் சுருண்ட நூல் இருந்தது. நூலை நூல் கழிவுக் கூடையில் போட்டாள். கூடை மெத்தைக்காரர்களுக்குப் போகும்.

அன்று சாயங்காலம் குழந்தை அழுதது. அந்த வாரம் முழுக்க அழுதது. இளையவள் கொடியின் கீழே, கிணற்றடியில், சாக்கடையில், கட்டில் அடியில் தேடினாள். மூத்தவளும் கூடவே விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடினாள். பிற்பாடு அவளுக்கு மற்ற எல்லாவற்றையும் விட அந்த விளக்கைப் பிடித்ததுதான் வெட்கமாக இருந்தது. இல்லாத பொருளை எங்கெல்லாம் தேடவேண்டும் என்று அவளே இடம் வேறு சொன்னாள். கடைசியில் இளையவளின் கண் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் மேல் விழுந்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்துத் தலையணை உறை தைத்து விற்பவள் அவள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கொடி. இளையவள் நடுத்தெருவில் நின்று, "பச்சைப் புள்ள வாயில இருக்கிற துணியக்கூட விடமாட்டீங்களா?" என்று கத்தினாள். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து, "வந்து பாத்துக்க" என்று கதவை அகலத் திறந்துவிட்டாள். யாரும் உள்ளே போகவில்லை. அது இன்னும் மோசமாகப் போயிற்று. அன்றிலிருந்து தெருவில் துணி தைக்கக் கொடுத்தவர்கள் வெட்டிய மிச்சத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவள் துண்டுத் துணி மூட்டையைத் தூக்கி வாசலில் தொங்கவிட்டாள், போகிறவர் வருகிறவர் எல்லாரும் கைவிட்டுத் தேடிப் பார்க்கட்டும் என்று. கேட்டால், "காத்தாட இருக்கட்டும்" என்பாள். மூத்தவள் மில்லுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த மூட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தொண்டை வரை வரும். மூட்டையைத் தாண்டியதும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆகிவிடும்.

கண்ணாடிக்காரர் தாளை நெடுநேரம் பார்த்தார். அதை நான்கு படி எடுத்து ஒட்டிவைத்து, பறவைக்குப் பக்கத்தில் பறவை வந்து சேரும் இடத்தில் கோடு விழுகிறதா என்று பார்த்தார். விழவில்லை. "இப்பதான் நீ கட்டத்துக்குள்ள மூச்சு விட்டிருக்கே" என்றார். இடது இறக்கைக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் வழக்கத்தை மீறிச் சில கட்டங்கள் சேர்ந்தாற்போல் நிரம்பியிருந்தன. "இது எதுக்கு?" என்று கேட்டார். உருவியபோது மூத்தவளும் அதில் ஒரு கணம் தயங்கியிருந்தாள். பிறகு, ஒருவேளை பறவைக்கு உயிர் வந்ததே அதனால்தானோ என்று நினைத்து, மற்றதை விடக் கவனமாக அதைக் குறித்திருந்தாள். "அங்க ஒரு இறகு கொஞ்சம் தள்ளி நிக்குது" என்றாள். கண்ணாடிக்காரர் தலையாட்டினார். அட்டைகள் குத்தப்பட்டன. வீட்டில் அவளே முந்திக்கொண்டு சாப்பாட்டு வேளையில் சொன்னாள், தொலைந்துபோன துணியை நினைவில் வைத்து, பார்த்துப் பழகிய பறவைதானே என்று மனசிலிருந்தே வரைந்ததாக. இளையவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "துணி போனாலும் அது போகல பாருங்கக்கா" என்று சொல்லி அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

பறவைத் துணி எடுத்த எடுப்பிலேயே விற்றது. சட்டை, பாவாடை, மேசை விரிப்பு, பேருந்து இருக்கை உறை என்று ஊர் முழுக்கப் பறவை. அவள் பேருந்தில் ஏறினால் இருக்கைகள் வரிசையாகத் திரும்பின. மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவரின் சட்டை திரும்பியது. அவர் தன் மார்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல, உக்காருங்க" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார். ஜனங்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். அது மில்லின் புது உத்தி என்றார்கள் சிலர். படைத்தவளுக்கு நேராக முகம் காட்டக் கூச்சம் என்றார்கள் சிலர். அவள் கணவன், "மரியாதைடி, மரியாதை. பெரிய இடத்துல யாரும் நிமிர்ந்து பாக்கமாட்டாங்க" என்றான். ஏன் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மடிப்பு அறைக்குப் போவதை நிறுத்தினாள். பேருந்தை விட்டு நடக்க ஆரம்பித்தாள். நடந்தால் தெருவில் கொடிக்குக் கொடி காய்ந்த பறவைகள் அவள் போகப் போக வரிசையாகத் திரும்பி வழிவிட்டன. வீட்டுக்குள் மட்டும் அந்தத் துணி வராமல் பார்த்துக்கொண்டாள். கணவனுக்கு அது பொறுக்கவில்லை. பொண்டாட்டி போட்ட டிசைன் ஊரெல்லாம் தொங்குகிறது, நம் வீட்டு ஜன்னல் மொட்டையாக நிற்கிறது என்று குறைபட்டு, ஒருநாள் திரைச்சீலையாகவே தைத்து எடுத்துவந்துவிட்டான். பக்கத்து வீட்டில் கொடுக்க முடியாதே, மூன்று தெரு தள்ளிக் கொடுத்துத் தைத்திருந்தான்.

திரையை இளையவள்தான் மாட்டினாள். நடக்கப் பழகியிருந்த குழந்தை ஓடிவந்து பறவையின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டது. இளையவள் சிரித்தாள். "அடையாளம் தெரியுது பாரு கழுதைக்கு" என்றாள். அப்போது மூத்தவள் மில்லிலிருந்து உள்ளே நுழைந்தாள். பறவைகள் திரும்பின. குழந்தை வீல் என்று கத்தியது. அதன் சுண்டுவிரல் பறவையின் இறக்கைக்குக் கீழே, பின்பக்கத்தில் தொங்கிய ஒரு சிறு நூல் வளையத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. இளையவள் மண்டியிட்டு, விரலை மெல்ல விடுவித்தாள். விடுவித்தவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த பறவையின் இறக்கையைத் தடவிப் பார்த்தாள். அங்கேயும் வளையம். அதற்கு மேலே, அதற்கும் மேலே என்று கைக்கு எட்டிய வரைக்கும் தடவினாள். எல்லாவற்றுக்கும் இடது இறக்கைக்குக் கீழே இழை எதிலும் கட்டாமல் தொங்கியது.

"அக்கா, பால் பொங்கினது இது" என்றாள்.

மூத்தவள் பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"பாதி வரிசை தூக்கியிருந்தேன், அடுப்புல பால் பொங்கிடுச்சு. எழுந்து ஓடினேன். திரும்பி வந்து எந்த இழையத் தூக்கியிருந்தேன்னே மறந்துபோச்சு, ஏதோ ஒண்ணத் தூக்கிப் போட்டேன். முன்னாடி பாத்தா இறகு மாதிரி இருக்கும். பின்னாடிதான் தொங்கும். எனக்கே அது மனசுல இல்ல. உங்க மனசுல எப்படி இருந்துச்சு?"

இளையவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. துணி பிரிக்கிறவர்கள் எப்படிப் பிரிப்பார்கள் என்பதை மூத்தவளே ஒரு மழை நாளில் அவளுக்குக் கதை போலச் சொல்லியிருந்தாள்.

"எங்க அது?"

"பிரிச்சிட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

இளையவள் அழுதிருந்தால் மூத்தவளுக்கு எளிதாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் எளிது. இளையவளோ வாசல் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டு வாசலில் தொங்கிய மூட்டையைப் பார்த்தாள். "நான் அந்தம்மாவ என்னவெல்லாம் சொன்னேன்" என்றாள். பிறகு, "விளக்க வேற பிடிச்சீங்களேக்கா" என்றாள். அப்போதுதான் மூத்தவளின் கையிலிருந்து பை விழுந்தது.

நான் போய்த் தையல்காரம்மாவிடம் சொல்லிவிடுகிறேன், தனியாக, வீட்டுக்குள்ளே உட்கார வைத்து, என்றாள் மூத்தவள். "நான் தெருவுல கத்தினேன். தெருவுலதான் சொல்லணும்" என்றாள் இளையவள். "நானும் வர்றேன். ஆனா வாய் உங்களோடது." இருவரும் அப்படியே செருப்புப் போடாமல் இறங்கினார்கள். சாயங்கால நேரம், தெருவில் எல்லாரும் இருந்தார்கள். தையல்காரம்மா வாசலோரம் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊரே பறவைத் துணி உடுத்தியதால் அவளிடமும் அதுதான் குவிந்திருந்தது. மூத்தவள் போய் நின்றதும் மெஷினுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த பாவாடை, கூடையில் இருந்த சட்டைகள், தெருவில் நின்றவர்கள் உடுத்தியிருந்தவை என்று எல்லாப் பறவைகளும் ஒருசேரத் திரும்பின. துணியை நான்தான் எடுத்தேன், இவங்க எடுக்கல, என்றாள் மூத்தவள். எங்கே வைத்துப் பிரித்தாள், நூலை எதில் போட்டாள், கூட நின்று எப்படித் தேடினாள் என்பதெல்லாம் சொன்னாள். இறகைக் கட்டும் வகை தன்னுடையது இல்லை, இளையவளுடையது என்றாள். சட்டைகளில் தெரிந்த அத்தனை முதுகுகளையும் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. அவளை நேராகப் பார்க்கிற கண் என்று தெருவில் மனிதக் கண்கள் மட்டுமே இருந்தன. அவற்றைப் பார்க்க அவளால் முடியவில்லை.

தையல்காரம்மா கேட்டுக்கொண்டே தையலை முடித்தாள். மெஷினை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரி, கேட்டாச்சு" என்றாள். பிறகு கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நில்லுங்க. நீங்க இங்க நின்னா எனக்கு எது நல்ல பக்கம்னே தெரிய மாட்டேங்குது." தெருவில் ஒருவர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். இளையவள் முன்னால் போய் அவள் கையைப் பிடிக்கப் பார்த்தாள். தையல்காரம்மா கையை விடுவித்துக்கொண்டு, "உன்கிட்ட நான் இன்னும் பேசல. பேசுறப்போ சொல்றேன்" என்றாள். ஆனாலும் மறுநாள் வாசலில் மூட்டை இல்லை.

சொல்லிவிட்டால் பறவைகள் திரும்பி முகம் காட்டிவிடும் என்று மூத்தவள் நம்பியிருந்தாள். இளையவளும் நம்பினாள். மறுநாள் காலை மூத்தவள் அறையிலிருந்து வெளியே வந்தபோது இருவரும் திரையைப் பார்த்தார்கள். முதுகுதான் தெரிந்தது. "எங்ககிட்ட சொன்னீங்க, சரி. அதுங்க கேட்டது வேற என்னவோ" என்றாள் இளையவள். மூத்தவள் கண்ணாடிக்காரரிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர், விற்கிற சரக்கைப் பற்றித் தாம் கேள்வி கேட்பதில்லை என்றார். ஆனால் அடுத்த பறவை கேட்டபோது, தன்னால் வராது என்று அவளே சொல்லி நூல் சுற்றும் பகுதிக்குப் போய்விட்டாள். மில்லில் இளையவளைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு காலை வேளை போய்க் கட்டம் நிரப்பிவிட்டு, "இது பருக்கை பொறுக்கற வேலை, எனக்கு ஆகாது" என்று வந்துவிட்டாள். பாத்திரங்கள் தொடர்ந்து கருகின. வீடு போதவில்லை என்று சொல்லி, சில ஆண்டுகளில் இளையவள் குடும்பம் இரண்டு தெரு தள்ளித் தனியாகப் போயிற்று. கோபத்தால் என்று யாரும் சொல்லவில்லை, கோபம் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. தையல்காரம்மா தன் வீட்டுப் பேறுகாலம் ஒன்றுக்கு உதவி கேட்டு வந்தபோது இளையவளிடம் பேச ஆரம்பித்தாள். மூத்தவளிடம் பேசும்போது எப்போதும் கொஞ்சம் சத்தமாகவே பேசினாள், தெருவுக்கும் கேட்கட்டும் என்பது போல.

பறவைத் துணி ஊரில் பழசாகியது. சட்டைகள் கரித்துணியாயின, பேருந்து இருக்கைகளுக்கு வேறு உறை வந்தது. இளையவளின் சமையலறை ஜன்னலில் மட்டும் அந்தத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. பழைய வீட்டிலிருந்து அவள் கேட்டு வாங்கிப்போன ஒரே பொருள் அது. கண்ணுக்கு முன்னால் எதற்கு இதை வைத்திருக்கிறாய் என்று அவள் கணவன் கேட்டதற்கு, "என் பறவை, நான் வச்சிருக்கேன்" என்றாள். இறக்கைக்குக் கீழே தொங்கிய வளையங்களை அவள் கட்டவும் இல்லை, வெட்டவும் இல்லை. வயதாக ஆகப் பறவைகளுக்கு உணர்வு கூடிக்கொண்டே போயிற்று. முதலில் மூத்தவள் அறைக்குள் வந்தால்தான் திரும்பின. பிறகு வாசலில் கால் வைத்ததும் திரும்பின. அதற்குப் பிறகு தெருமுனையிலேயே அவளைக் கண்டுகொண்டன. மூத்தவள் மில்லிலிருந்து நேராக வீட்டுக்குப் போகாமல் சில சாயங்காலங்களில் அந்தப் பக்கம் வருவாள். வரும்போது குனிந்தே வருவாள், அந்த ஜன்னல் பக்கம் ஒருமுறையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வந்தாலும் அதிகம் பேசமாட்டாள். தேய்க்க ஏதாவது பாத்திரம் இருந்தால் எடுத்துத் தேய்த்துவைத்துவிட்டுப் போவாள். பள்ளிவிட்டு வந்திருக்கும் இளையவளின் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே பெரியம்மா வருவது அப்படித்தான் தெரியும். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கித் திரையைப் பார்த்து, "திரும்பிடுச்சும்மா" என்பாள். இளையவள் அடுப்பில் கொதிக்கும் தேநீரில் இன்னொரு குவளைத் தண்ணீர் ஊற்றுவாள்.